ஆய்வு மருந்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், அந்த மருந்து மருத்துவமனையின் மருந்தகத்துக்குள் போவதே இல்லை. கூரியரில் வந்து இறங்கும் பெட்டி நேராக ஆய்வை நடத்தும் துறைக்குப் போகிறது. அங்கே ஓர் அறையில், பூட்டிய அலமாரியிலோ சிறிய ஃபிரிட்ஜிலோ வைக்கப்படுகிறது. சாவி ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் இருக்கும். நோயாளியை ஒப்புதல் படிவத்துக்குத் தயார்செய்பவர், ரத்த மாதிரி அனுப்புபவர், அடுத்த வருகையைத் தொலைபேசியில் நினைவூட்டுபவர், விவரங்களைக் கணினியில் ஏற்றுபவர் எல்லாம் அவர்தான். மருந்தை எண்ணி எடுத்துக் கொடுப்பதும் அந்த வேலைகளோடு சேர்ந்துகொள்கிறது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மருத்துவர் எழுதிய சீட்டுக்குப் பாரசிட்டமால் கொடுப்பதற்குக்கூடப் பதிவுபெற்ற மருந்தாளுநர் வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். பல்லாண்டுப் புழக்கத்தில் இருக்கும் மாத்திரைக்கு இருக்கும் இந்தக் காவல், பக்கவிளைவுகள் இன்னும் முழுதாகத் தெரியாத மருந்துக்கு இல்லை. ஆய்வு மருந்து மருத்துவமனை மருந்தகத்தின் பொறுப்பில், அந்த ஆய்வுக்கென்று பெயர் குறிக்கப்பட்ட, பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவரின் கையில் இருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் மருந்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். விரும்பினால் செய்யலாம் என்ற நிலையிலிருந்து இதைக் கட்டாய விதியாக மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த ஓட்டை எப்படி வந்தது என்று பார்ப்போம். மருத்துவர் தம்முடைய நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்கலாம் என்று பார்மசி சட்டம் ஒரு விலக்கு தருகிறது. தனியாக ஒரு மருத்துவர் நடத்தும் சிறு கிளினிக்குக்கு அது நியாயமான விலக்கு. பெரிய மருத்துவமனையில் நடக்கும் ஆய்வும் அதே நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது. உலகெங்கும் மருந்து ஆய்வுகளுக்கு அடிப்படையாக இருக்கும் ‘நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை’ வழிகாட்டி 1996இல் உருவானது. ஆய்வு மருந்துக்கான பொறுப்பை முதன்மை ஆய்வாளரிடமும் மருத்துவமனையிடமும் ஒப்படைத்த அந்த வழிகாட்டி, அந்த வேலையைத் தகுந்த மருந்தாளுநரிடமோ வேறு தகுந்த நபரிடமோ பகிர்ந்தளிக்க இடம் தந்தது. அந்த ‘வேறு தகுந்த நபர்’தான் நம்மிடம் வழக்கமாகிப்போனார். இந்தியாவின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் 2019இல் வந்தன. ஆய்வுகளை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அவர்களில் சட்டம் தெரிந்தவர் ஒருவர், சாதாரணக் குடிமகன் ஒருவர், பெண் ஒருவர் என்று அவை நுணுக்கமாக வரையறுக்கின்றன. மருந்தைக் கையில் வைத்திருப்பவர் யாராக இருக்க வேண்டும் என்பதில் அந்த நுணுக்கம் இல்லை.

மருந்தாளுநர் என்றதும் கவுன்டருக்குப் பின்னால் நின்று அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பவர்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். ஆய்வு மருந்தாளுநரின் வேலை, முதல் நோயாளி வருவதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆய்வுத் திட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மருந்தின் கோணத்திலிருந்து அவர் படிக்க வேண்டும். இந்த ஊசி மருந்தைக் குளுக்கோஸில் கலப்பதா, உப்புநீரில் கலப்பதா? கலந்தபின் எத்தனை மணி நேரம் தாங்கும்? சாதாரண பிளாஸ்டிக் பையில் ஊற்றினால் மருந்து பையின் சுவரில் ஒட்டிக்கொள்ளுமா? வெளிச்சம் படலாமா? அளவு உடல் எடைக்கா, உடல் பரப்புக்கா? எடை எத்தனை சதவீதம் மாறினால் அளவைத் திரும்பக் கணக்கிட வேண்டும்? திட்டத்தை எழுதியவர் வேறொரு நாட்டில், வேறொரு மருத்துவமனையை மனதில் வைத்து எழுதியிருப்பார். இங்கே கிடைக்கும் பை, வடிகட்டி, ஊசிக்குழாய் ஆகியவற்றோடு அது பொருந்துகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். பெட்டி வந்ததும் அதனுள் இருக்கும் வெப்பப் பதிவுக் கருவியைத் திறந்து, வழியில் எங்காவது 2 முதல் 8 டிகிரி என்ற எல்லையைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டும். தாண்டியிருந்தால் அந்தப் பெட்டியைத் தனியே ஒதுக்கி, நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வரும்வரை ஒரு குப்பியையும் வெளியே விடக் கூடாது. மின்தடை சாதாரணமான ஊர்களில் இந்த ஒரு கடமைக்கே முழுக் கவனம் வேண்டும்.

பிறகு நோயாளி வருகிறார். அவர் பெயருக்குக் கணினி ஒதுக்கிய பெட்டி எண்ணும் கையிலிருக்கும் பெட்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். அவர் வேறென்ன சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் கேட்டால் போதாது. தெருமுனைக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை, சர்க்கரைக்கென்று பக்கத்து வீட்டார் சொன்ன சூரணம், நாட்டு மருந்துக் கடைக் கஷாயம் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். இவற்றில் ஒன்று ஈரலில் ஆய்வு மருந்து சிதையும் வேகத்தை மாற்றினாலும் போதும், அந்த நோயாளியின் உடம்பில் நாம் நினைத்திருக்கும் அளவு இருக்காது. பெட்டியின் மேல் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதை, எப்போது, எப்படி, எதோடு சாப்பிடக் கூடாது என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். மிச்ச மாத்திரையைத் திரும்ப வாங்கி எண்ண வேண்டும். எண்ணியதற்கும் கொடுத்ததற்கும் கணக்கு இடித்தால் காரணம் கேட்க வேண்டும், கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும். ஒன்பது வேலைகளுக்கு நடுவே பத்தாவது வேலையாக இதைச் செய்யும் ஒருவரிடம் இத்தனையையும் எதிர்பார்ப்பது அவருக்கே அநீதி. பல இடங்களில் அந்த ஒருங்கிணைப்பாளர் மருத்துவமனையின் ஊழியர்கூட அல்ல. ஆய்வு மேலாண்மை நிறுவனம் ஒன்று அனுப்பிவைத்தவர். அவர்களில் மிகுந்த அக்கறையோடு உழைப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு மருந்துத் துறைப் பயிற்சி இருந்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகம் மறக்காத சாட்சி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள டானா ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் 1994 நவம்பரில், மார்பகப் புற்றுநோய்க்கான ஆய்வு ஒன்றில் பெட்ஸி லேமன் என்ற 39 வயதுப் பெண் சேர்ந்திருந்தார். ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழில் மருத்துவப் பத்தி எழுதிவந்தவர் அவர். கணவர் அதே நிறுவனத்தில் விஞ்ஞானி. ஆய்வுத் திட்டப்படி சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில், நான்கு நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். நான்கு நாட்களுக்கான மொத்த அளவு, ஒரு நாளைக்கான அளவாக எழுதப்பட்டது. நான்கு நாட்களும் நான்கு மடங்கு மருந்து அவர் உடம்பில் ஏறியது. டிசம்பர் 3 அன்று அவர் இறந்தார். அதே ஆய்வில் இன்னொரு பெண்ணுக்கும் இதே தவறு நேர்ந்து, இதயம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. கடுமையான சிகிச்சை என்றால் உடம்பு இப்படித்தான் படும் என்று எல்லோரும் நம்பிவிட்டதால், தவறு தவறாகவே தெரியவில்லை. 1995 பிப்ரவரியில், ஆய்வுக் கணக்குகளை வழக்கம்போல் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. எழுதிய கைக்கும் ஏற்றிய கைக்கும் இடையில் நின்று ‘இந்த அளவு எங்கிருந்து வந்தது?’ என்று யாரும் கேட்காததை, இரண்டு மாதங்கள் கழித்து ஒரு தாள் கேட்டது.

இங்கே எழக்கூடிய மறுப்பு வலுவானது. அந்த மருத்துவமனையில் மருந்தகம் இருந்தது, மருந்தாளுநர்களும் இருந்தார்கள், மருந்து அவர்கள் கையைத் தாண்டித்தான் போனது. பிறகு மருந்தாளுநரால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். மருந்தாளுநர் என்ற பதவி அறையில் இருந்தால் மட்டும் போதாது என்பதைத்தான் பாஸ்டன் காட்டியது. மொத்த அளவா, நாள் அளவா என்ற குழப்பத்துக்கு ஆய்வுத் திட்டத்தின் வாசகமே இடம் தந்தது. உச்ச அளவைத் தாண்டினால் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு கணினியில் இல்லை. பரிசோதனைச் சிகிச்சை என்றால் அளவு அதிகமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எல்லோரிடமும் இருந்தது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் செய்த மாற்றங்களில் பல இந்த இடங்களைக் குறிவைத்தவை. ஆகவே நாம் கேட்க வேண்டியது, திட்டத்தை அதன் வரைவிலேயே படித்து, குழப்பமான வரியைத் திருத்தச் சொல்லும் மருந்தாளுநரை. மூத்த மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டையும் திருப்பி அனுப்பும் அதிகாரம் உள்ளவரை. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் அமைப்பு, ஆய்வு மருந்தைச் சேமிப்பதும் வழங்குவதும் மருந்தகத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் மருந்தகம் ஆராய்ந்து ஒப்புக்கொள்ளாமல் மருந்து ஆய்வைத் தொடங்குவதில்லை. மருந்து ஆய்வில் நீண்ட அனுபவம் உள்ள நாடுகள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு.

நோயாளியின் பாதுகாப்பு ஒரு பாதி. ஆய்வு சொல்லும் முடிவை நம்ப முடியுமா என்பது மறுபாதி. கோவிட் தடுப்பூசிகளை எடுத்துக்கொள்வோம். ஃபைசர் தடுப்பூசியின் பெரிய ஆய்வில் 43,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். தடுப்பூசி மைனஸ் 70 டிகிரி அளவில் உறைந்து வந்தது. உருக்கி, உப்புநீரில் நீர்க்கச் செய்து, ஊசிக்குழாயில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒப்பிடுவதற்காக மற்றவர்களுக்குப் போட்ட மருந்துப்போலியோ வெறும் உப்புநீர். அருகருகே வைத்துப் பார்த்தால் எது எதுவென்று கண்டுகொள்ளலாம். அதனால், எந்த ஊசியில் என்ன இருக்கிறது என்று அறிந்த தனிப் பணியாளர்கள் அதைத் தயாரித்தார்கள். பங்கேற்றவர்களையும் அவர்களுடைய உடல்நிலையைக் கணித்தவர்களையும் அந்த ரகசியம் எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். மருந்துப்போலி பெற்றவர்களில் 162 பேருக்கும் தடுப்பூசி பெற்றவர்களில் 8 பேருக்கும் நோய் வந்தது என்று 2020 டிசம்பரில் வெளியான கணக்கை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம். இருமல் வந்தவருக்குப் பரிசோதனை செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவருக்கு அவர் எந்தக் குழு என்று தெரிந்திருந்தால், அந்த 162க்கும் 8க்கும் அதே மதிப்பு இருந்திருக்காது. மருந்து அலமாரியின் சாவியும் நோயாளியின் பதிவேடும் ஒரே மேசையில் இருக்கும்போது இந்தச் சுவரை எப்படி எழுப்புவது? ஆக்ஸ்போர்டு தடுப்பூசியின் கதையும் இதனோடு சேரும். ஒரு தொகுதியின் செறிவை அளந்த இரண்டு முறைகள் வேறுபட்டதால், பிரிட்டனில் ஒரு பகுதியினருக்கு முதல் தவணை பாதி அளவாகப் போய்ச் சேர்ந்தது. அவர்களிடம் பலன் 90 சதவீதம், இரண்டு முழுத் தவணை பெற்றவர்களிடம் 62 சதவீதம் என்று முடிவு வந்தபோது, அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று அறிவியலாளர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். தவறு நடந்தது தயாரிப்பு நிலையில், மருந்தகத்தில் அல்ல. ஆனால் குப்பிக்குள் இருப்பது எவ்வளவு என்ற எளிய கேள்வி கோடிக்கணக்கானோரின் தடுப்பூசிக் கொள்கையைக் குழப்ப முடியும் என்பதை அது காட்டியது.

மருந்தை எண்ணுவது எழுத்தர் வேலைதானே என்பவர்களுக்கு நம் சென்னையே பதில் சொல்லும். 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கு ஈடான பலன் கிடைக்குமா என்று ஆராய்ந்தது. கிடைக்கும் என்ற முடிவு 1959இல் வெளியாகி, உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. அந்த ஆய்வை நடத்திய வாலஸ் ஃபாக்ஸும் அவருடைய குழுவினரும் மருந்தைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள். அந்த எண்ணிக்கை இல்லையென்றால் ‘வீட்டுச் சிகிச்சை’ என்ற சொல்லுக்குப் பொருளே இருந்திருக்காது. அறுபது ஆண்டுகளுக்கும் முந்தைய அந்தக் கவனம் இல்லாமல் வெறுமனே எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ‘வாய்ஸ்’ ஆய்வு சாட்சி. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளையும் களிம்பையும் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களிடம் சோதித்தார்கள். திரும்பி வந்த மருந்தின் கணக்குப்படி 86 சதவீதம் ஒழுங்காகப் பயன்படுத்தப்பட்டிருந்தது. ரத்தத்தைப் பரிசோதித்தபோது, மாதிரிகளில் 30 சதவீதத்திலோ அதற்கும் குறைவாகவோதான் மருந்து இருந்தது. பாதுகாப்பு இல்லை என்று ஆய்வு முடிந்தது. பெரும்பாலோர் உடம்பில் மருந்தே இல்லை என்பது பிறகு தெரிந்தது. இயந்திரம்போல் எண்ணினால் எண்ணிக்கையும் ஏமாற்றும். மருந்தைத் திருப்பிக் கொடுக்கும்போது உண்மையைச் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று நோயாளி நம்பும் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

மருந்துப் பதிவேடு யார் கையில் என்ற கேள்வி, ஆய்வால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு விஷயத்தில் இன்னும் கூர்மையாகிறது. 2005க்கும் 2012க்கும் இடையில் 475 புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளில் 2,644 பேர் இறந்தார்கள், அவர்களில் 80 பேரின் மரணத்துக்கு ஆய்வு காரணம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. பங்கேற்றவர்களில் பலர் ஏற்கெனவே கடும் நோயாளிகள் என்பதால் இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பது இயல்பு. அந்த 80 தவறு என்று வாதிட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மரணத்திலும் ‘மருந்தா, நோயா’ என்று தீர்மானித்தவர்கள் எதைப் பார்த்துத் தீர்மானித்தார்கள்? எந்தத் தொகுதி, எந்த நாள், எவ்வளவு, எந்த வெப்பநிலையில் இருந்தது, கூடவே வேறென்ன சாப்பிட்டார் என்ற பதிவுகளைத்தான் பார்த்திருக்க முடியும். இன்றைய விதிப்படி ஆய்வுத் திட்டத்தை மீறியதால் நேர்ந்த பாதிப்புக்கும் இழப்பீடு உண்டு. மரணத்துக்கான கணக்கே 8 லட்சம் ரூபாய் என்ற அடிப்படைத் தொகையிலிருந்து தொடங்குகிறது. மீறல் நடந்ததா என்று சொல்ல வேண்டிய பதிவேட்டை, மீறியிருக்கக்கூடிய குழுவே எழுதிவைத்திருந்தால், இறந்தவரின் குடும்பம் எதைக் கொண்டு வழக்காடும்? முதன்மை ஆய்வாளருக்குக் கீழ் வராத ஒருவர் எழுதிய மருந்துப் பதிவேடு அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம். நேர்மையான ஆய்வாளருக்கும் அதுவே அரண்.

எதிர்வாதங்களில் பணம் முதலில் வரும். பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் ஆய்வுகளில் இந்த வாதத்துக்கு இடமே இல்லை. லண்டனிலும் பாஸ்டனிலும் அதே நிறுவனங்கள், அதே ஆய்வுக்கு, மருந்தகத்தின் தொடக்கப் பணிக்கும் ஒவ்வொரு முறை மருந்து வழங்குவதற்கும் தனியே கட்டணம் செலுத்துகின்றன. இங்கே கேட்டால் இங்கேயும் செலுத்தும். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், நிறுவன உதவி இல்லாமல் ஒரு பழைய மருந்தின் புதிய பயனை ஆராய விரும்பும்போதுதான் உண்மையான சிக்கல். இப்படிப்பட்ட ஆய்வுகள் நமக்கு மிகவும் தேவை. அவற்றை விதியால் நசுக்கிவிடக் கூடாது. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒருவர் என்றில்லாமல், ஒரு கல்லூரியின் எல்லா ஆய்வுகளுக்கும் சேர்த்து ஒரு மருந்தாளுநர் பதவியை உருவாக்கி, அரசு ஆராய்ச்சி நிதியில் அதற்கு இடம் ஒதுக்குவது நடக்கக்கூடியதே. அரசு மருத்துவமனை மருந்தாளுநர்கள் காலை முதல் வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கே ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறார்கள், அவர்கள் தலையில் இதையும் கட்டுவதா என்பார்கள். கட்டக் கூடாது. அதனால்தான் தனிப் பதவி என்கிறேன்.

கணினிதான் பெட்டி எண்ணைச் சொல்கிறதே, நிறுவனத்தின் கண்காணிப்பாளரும் வந்து சரிபார்க்கிறாரே என்பது இன்னொரு மறுப்பு. கணினி சொல்லும் எண் சரியாகத்தான் இருக்கும். கணினியில் ஏறிய எடை மூன்று மாதத்துக்கு முந்தையது என்பதையோ, நோயாளியின் பையில் வேறொரு மருத்துவரின் மாத்திரை இருப்பதையோ அது அறியாது. கண்காணிப்பாளர் பெரும்பாலும் வாரங்கள் கழித்து வருகிறார். நடந்துமுடிந்ததைத்தான் அவரால் பார்க்க முடியும். பாஸ்டனிலும் தவறைக் கண்டுபிடித்தது பின்னால் வந்த சரிபார்ப்புதான். மருந்தகம் குறுக்கே வந்தால் தாமதம் ஆகும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சில நாள் ஊசி ஒரு மணி நேரம் பிந்தும். தொலைவிலிருந்து பேருந்தில் வந்து காத்திருக்கும் நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரம் சிறியதல்ல. ஆனால் பெரும்பாலான கேள்விகளை ஆய்வு தொடங்கும் முன்பே கேட்டு முடித்துவிட்டால் அன்றாடத் தாமதம் குறையும்.

ஆள் கிடைப்பார்களா என்ற கேள்வி வேண்டியதில்லை. பார்ம்.டி என்ற ஆறு ஆண்டுப் படிப்பு 2008 முதல் இந்தியாவில் இருக்கிறது. மருத்துவமனை மருந்தியல், மருத்துவ ஆய்வு இரண்டும் அதன் பாடங்கள். கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. தமிழ்நாட்டின் கல்லூரிகளிலிருந்தும் ஆண்டுதோறும் இந்தப் பட்டதாரிகள் வெளிவருகிறார்கள். தாங்கள் படித்ததற்கேற்ற பதவி மருத்துவமனைகளில் இல்லாததால், அவர்களில் பலர் மருந்து நிறுவனங்களின் அலுவலகங்களில் பக்கவிளைவு அறிக்கைகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நோயாளியின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள், நோயாளியைப் பற்றிய தாளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விதியைத் திருத்தும் வரை நெறிமுறைக் குழுக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ஆய்வையும் அனுமதிக்கவும் திருப்பி அனுப்பவும் அவற்றுக்கு இன்றே அதிகாரம் உண்டு. விண்ணப்பத்தில் ஒரு பக்கம் சேர்த்தால் போதும்: மருந்தைப் பெறுபவர் யார், அவருடைய மருந்தாளுநர் பதிவு எண் என்ன, ஆய்வுத் திட்டத்தை அவர் படித்துக் கையெழுத்திட்டாரா, மருந்தை நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரம் தந்து மருத்துவமனை எழுதிய கடிதம் எங்கே, ஞாயிற்றுக்கிழமை இரவு மின்சாரம் போய் ஃபிரிட்ஜின் அலாரம் அடித்தால் அழைப்பு எந்த எண்ணுக்குப் போகும்? அந்தப் பக்கம் காலியாக வந்தால், விண்ணப்பத்தின் மற்றப் பக்கங்களைப் படிக்கும் முன்பே அதைத் திருப்பி அனுப்பலாம்.